பாடியவர்: ஜோஷ்வா

'கருமந்தி' என்ற ஹெவி மெட்டல் குழு தன் ஒரே ஆல்பத்தை 2011 மார்ச்சில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் பதிவு செய்தது. அருவியில் தண்ணீர் இல்லாத மாதம். அறை வாடகை குறைவு, சத்தத்தைக் கேட்க ஆளும் இல்லை. சுவரெங்கும் மெத்தைகளைச் சாய்த்து வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஐந்து நாளுக்குத்தான் வந்திருந்தார். மூன்றாம் நாள், குடித்துவிட்டு வந்த பாடகன் ஜோஷ்வாவுக்கும் கிதார் வாசித்த உமாசங்கருக்கும் அடிதடி ஆனது. ஜோஷ்வா பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

உமாசங்கர் ஜோஷ்வாவின் தங்கை ஷெர்லினைக் கூட்டிவந்தான். அவளுக்குப் பத்தொன்பது வயது. சர்ச் பாடகர் குழுவில் இருந்தாள். பக்கத்து ஊரான குத்துக்கல்வலசையில், வீட்டு மாடியில் அண்ணனோடு சேர்ந்து ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியாத அந்த மெட்டல் அடித்தொண்டை உறுமலைப் பழகியிருந்தாள். மீதி இரண்டு நாளில் எட்டுப் பாட்டையும் அவளே பாடினாள். உறையில் 'பாடியவர்: ஜோஷ்வா' என்று முன்பே அச்சாகிவிட்டிருந்தது. கல்யாணத்துக்கு இருக்கிற பெண் இப்படிக் கத்தினாள் என்று பேச்சு வருமே என்று அவளும் விட்டுவிட்டாள்.

முந்நூறு சி.டி.யில் நாற்பது விற்றன. குழு கலைந்தது. வீடு திரும்பிய ஜோஷ்வா 2017ல் ஈரல் கெட்டு இறந்தான். அதன் பிறகு யாரோ பாட்டுகளை இணையத்தில் ஏற்ற, போலந்திலும் இந்தோனேசியாவிலும் அந்த ஆல்பத்தை கிளாசிக் என்று எழுதினார்கள். எல்லோரும் புகழ்ந்தது குரலை. கடையத்தில் டீச்சராக இருந்த ஷெர்லின் பஸ்ஸில் அந்தப் பாராட்டுகளை வாசிப்பாள். ஒரு தடவை 'அது நான்' என்று டைப் செய்து, அழித்துவிட்டாள்.

மகன் இருந்தவரை அம்மா பொன்செல்வி அதைச் சாத்தான் சத்தம் என்பாள். இப்போது தினமும் ஜெபம் முடிந்ததும் போனை மடியில் வைத்துக் கேட்கிறாள். அவன் குரலென்று அவளிடம் வேறு எதுவும் இல்லை.

"இங்கன கேளுட்டி, எப்படி மூச்சு வாங்குதான். சின்னதுலயே அவனுக்கு வீசிங் உண்டுல்லா."

போன வருஷம் உமாசங்கர் பெங்களூரிலிருந்து பேசினான். ஜெர்மனியில் ஒரு கம்பெனி அதை இசைத்தட்டாகக் கொண்டுவருகிறது, இந்தத் தடவையாவது அவள் பெயரைப் போட்டுவிடலாம் என்றான். ஷெர்லின் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அன்று சாயங்காலம் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாடுனது அண்ணன் இல்லைன்னு யாராவது சொன்னா என்னம்மா செய்வ?"

அம்மா பாட்டை நிறுத்தவில்லை. "சொல்லுதவ வாயில மண்ணு. பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளை சத்தம்?"

ஷெர்லின் மாடிக்குப் போய் உமாசங்கரைக் கூப்பிட்டாள். பழைய பெயரே இருக்கட்டும் என்றாள். பின்னால் வருத்தப்படுவாய் என்று அவன் வெகுநேரம் வாதாடினான். கடைசியில், நன்றிப் பட்டியலிலாவது பெயர் வரட்டும், எதற்கு நன்றி என்று போட என்று கேட்டான்.

"சோறு கொண்டுவந்தேன்னு போடுங்கண்ணே. அன்னைக்கு வீட்டுல அப்படிச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

இசைத்தட்டு கூரியரில் வந்தது. கேட்க வீட்டில் பிளேயர் இல்லை. பொன்செல்வி கண்ணாடி போட்டுக்கொண்டு மகன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பின்பக்கத்தைத் திருப்பி ஒவ்வொரு வரியாக வாசித்தவள், கடைசி வரியில் நின்றாள்.

"ஏட்டி, இங்க வா. சோறு கொண்டுபோனதுக்கு உம்பேரையும் போட்டிருக்கான் பாரு."