தேய்ப்புப் படம்

அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் பாடம் ஆறு புதன்கிழமைகளுக்கு வரும். கோடு, வடிவம், நிறம், ஒளிநிழல், இழைநயம், வெளி என்று வாரத்துக்கு ஒன்று. இழைநயம் என்பது கையேட்டில் இருக்கும் சொல். பிள்ளைகளிடம் நான் சொரசொரப்பு, வழவழப்பு என்றுதான் சொல்வேன். பதினோரு வருடமாகச் செய்கிறேன். நன்றாகவே செய்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. வேறு யாரும் அதைச் சொல்லவில்லை. மேலாளருக்கு எத்தனை தலை வந்தது என்று தெரிந்தால் போதும்.

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். எந்தப் பிள்ளையின் படத்தையும் பார்த்து "இது என்ன?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், அதுபாட்டுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்த பிள்ளை திருதிருவென்று முழித்துவிட்டு "மாடு" என்று சொல்லும். சொன்ன பாவத்துக்கு அதற்குக் கொம்பு போடும், நாலு கால் போடும். நல்ல கோடு நாசமாய்ப் போகும். அதனால் கோடு எப்படி வளைகிறது, கருப்பு எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்று மட்டும்தான் பேசுவோம். கூட வரும் ஆசிரியைகள் வாய்தவறிக் கேட்டால்கூட முறைப்பேன். என் முறைப்புக்குப் பயந்தே பாதிப் பேர் வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்த வருடம் வந்த நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி. வரிசையில் எப்போதும் கடைசி ஆளாக நிற்பாள். அதனால் பிள்ளைகள் அவளுக்கு 'வால்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றபடி குறும்புக்கும் அவளுக்கும் வெகுதூரம். ஓவியங்களுக்கு முன்னால் தரையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கோட்டை மற்ற பிள்ளைகள் நூறு தடவை தாண்டுவார்கள், நானும் நூறு தடவை கத்துவேன். இவள் அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் பின்னாலேயே நின்றுகொள்வாள். முதல் மூன்று வாரம் அவள் குரலை நான் கேட்கவே இல்லை.

நாலாவது வாரம் ஒளிநிழல். கீழ்த்தளத்துப் பட்டறையில் ஆளுக்கொரு கரித்துண்டு கொடுத்தேன். மற்றவர்கள் மேசையில் வைத்த கூஜாவை வரைந்து, முகத்திலும் சட்டையிலும் கரியைப் பூசிக்கொண்டார்கள். அவள் தாள் முழுவதையும் கருப்பாக்கிவிட்டு, அடியில் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் விட்டிருந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாளைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, இத்தனூண்டு வெளிச்சத்தை விட்டதாலதான் மிச்சமெல்லாம் இருட்டா தெரியுது" என்று எல்லோருக்கும் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் தன் கரிக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் வீட்டுப்பாடமும் கொடுத்தேன். நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அதன் உருவம் அப்படியே தாளில் ஏறும் அல்லவா? அதே மாதிரி வீட்டில் சொரசொரப்பாக இருக்கும் எதன் மேலாவது தாளை வைத்து, கிரேயானால் தேய்த்துக் கொண்டு வர வேண்டும்.

ஐந்தாவது வாரம், எதிர்பார்த்தபடியே, இலைகளும் சீப்புகளும் செருப்பின் அடிப்பாகங்களும் வந்து சேர்ந்தன. அவள் ஒரு தாள் கொண்டு வந்திருந்தாள். மரத்தின் ரேகை நெடுக ஓடுகிறது. அதன் மேல் நாலு நாலாக மேலிருந்து கீழே கீறல்கள். நாலு கோடு, ஓர் இடைவெளி, மறுபடி நாலு கோடு. சில இடங்களில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, மரமே தெரியாத அளவுக்கு அடர்த்தி.

அன்று துணிப்பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்க்கும் விளையாட்டும் உண்டு. உப்புத்தாள், பஞ்சு, மரப்பட்டை, ஒரு துண்டு முயல்தோல் எல்லாம் பைக்குள் இருக்கும். அவளுடைய அனுமதிப் படிவத்தில் விலங்கு முடி ஆகாது, மூச்சு இழுக்கும் என்று எழுதியிருந்ததால், அவள் முறை வந்தபோது முயல்தோலை நானே எடுத்து ஒதுக்கி வைத்தேன். இந்த மாதிரி விஷயங்களில் நான் கவனமான ஆள்.

ஆறாவது வாரம் அவள் இன்னும் மூன்று தாள் கொண்டு வந்தாள். அன்று வகுப்பாசிரியை என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

"இவளைப் பத்தி இந்த ஒரு வாரத்துல மூணு தடவை அப்பாவுக்கு ஃபோன் பண்ணியாச்சு மேடம். பக்கத்துப் பொண்ணு நோட்டைக் கிழிச்சா, வேணும்னே தண்ணியைக் கொட்டினா, நேத்து ஒருத்தியைப் பிடிச்சுத் தள்ளிட்டா. நாலு வருஷமா வாயைத் திறக்காத பொண்ணு. இப்ப என்ன வந்துச்சுன்னே தெரியல."

"கலை உள்ளே போனா கொஞ்சம் ஆட்டம் வரத்தான் செய்யும்" என்றேன். பெரிய மேதாவி மாதிரி.

நாலு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மர ரேகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. நாலும் ஒரே பலகையில் எடுத்தவை. ஓரத்தில் ஒரு கீலின் தடம்கூட இருந்தது. ஒட்டிச் சட்டம் போட்டு, சனிக்கிழமைக் கண்காட்சிக்கு நடுச்சுவரில் மாட்டினேன். எங்கள் கூடத்துக் காவலர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே நிற்கும் மனிதர் அவர்.

"மேடம், இது ஏதோ கதவு மாதிரி இருக்கே" என்றார்.

"அண்ணே, எத்தனை தடவை சொல்றது? என்னன்னு பாக்காதீங்க. எப்படி இருக்குன்னு பாருங்க."

"எப்படி இருக்குன்னா... யாரோ உள்ள இருந்து பிறாண்டின மாதிரி இருக்கு."

"ஏணியை ஒழுங்காப் பிடிங்க" என்றேன். அவர் பிடித்தார். அந்த மனிதரின் வாயை அடைத்தது நான்தான். அதை மென்று விழுங்க இன்னும் முடியவில்லை.

சனிக்கிழமை அவளுடைய அப்பா வந்தார். தேய்த்த சட்டை, மெதுவான பேச்சு. பின்னால் வந்த ஒரு வயதான அம்மாவுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அவள். அவர் நேராக நடுச்சுவருக்குப் போய், அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் போய் என் விரல்களைக் கீறல்களுக்கு நேரே வைத்துக் காட்டினேன்.

"இந்தத் தாளக்கட்டைப் பாருங்க சார். நாலு, இடைவெளி, நாலு. இந்த வயசுல இப்படி ஒரு கண்ணு எல்லாருக்கும் வாய்க்காது."

அவர் சிரித்தார். "வீட்ல பூனை ஒண்ணு இருக்கு மேடம். அது பண்ற அட்டகாசம்."

நானும் சிரித்தேன்.

"இதை நாங்க எடுத்துட்டுப் போலாமா? பாப்பாவோட மத்த படமும் இருந்தா குடுங்க. வீட்ல பத்திரமா வெச்சுக்கறோம்."

எந்தப் பெற்றோரும் அப்படிக் கேட்பதில்லை. பாதிப் படங்கள் கண்காட்சி முடிந்ததும் குப்பைக்குத்தான் போகும். நெகிழ்ந்துபோய் நானே சட்டத்தைக் கழற்றினேன். கரிப்படம் கலையாமல் இருக்க மெல்லிய தாள் வைத்துச் சுருட்டினேன். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவள் படத்தையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அவள் கன்னத்தைத் தட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அனுமதிப் படிவங்களைக் கட்டிப் பரணுக்கு அனுப்ப உட்கார்ந்தேன். அவளுடைய படிவம் மேலே வந்தது. விலங்கு முடி ஆகாது. அதற்கு அடுத்த வரி, வீட்டில் வளர்ப்புப் பிராணிகள். அதற்கு எதிரே அதே அழகான கையெழுத்தில், 'இல்லை.'

சனிக்கிழமை என் விரல்கள் அந்தக் கீறல்களுக்கு நேராக எப்படி நின்றன என்பது நினைவுக்கு வந்தது. என் விரல்களைவிடக் கொஞ்சம் நெருக்கம். பூனையின் நகம் அத்தனை அகலமாக விழாது. குழந்தையின் கை விழும்.

பள்ளிக்கு ஃபோன் செய்தேன். வகுப்பாசிரியை எடுத்தாள்.

"அவளா? நேத்தே டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்களே மேடம். அப்பாவுக்கு வேற ஊர்ல வேலையாம்."

"எந்த ஊரு?"

"சொல்லலையே. ஏன், என்ன விஷயம்?"

படிவத்தில் இருந்த விலாசத்துக்கு ஓடினேன். மாடி வீட்டில் பூட்டு தொங்கியது. கீழ் வீட்டுக்காரருக்கும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. ரொம்ப நல்ல மனுஷன், சத்தம் கித்தம் எதுவும் கிடையாது என்றார்.

மறுநாள் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி என் வயதுப் பெண். மேசையில் கோப்புகள் அவள் கழுத்து வரை இருந்தன. பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தப் படம் எங்க மேடம்?"

"அவர்கிட்டயே குடுத்துட்டேன்."

"ஃபோட்டோ?"

"பெற்றோர் சம்மதம் இல்லாம பிள்ளைங்க படத்தை எடுக்கக் கூடாது. அவர் வேண்டாம்னு டிக் பண்ணியிருந்தார்."

அவள் பேனாவை மூடப் போனாள். "இருங்க" என்று அவள் மேசையிலிருந்தே ஒரு தாளை இழுத்து வரைந்தேன். ஒரு கீறல் விடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. ரேகை எங்கே வளைகிறது, எந்த நாலின் மேல் எந்த நாலு ஏறுகிறது, கீல் எங்கே என்று எல்லாமே வந்தது. பத்து நிமிடம் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தத்ரூபமா வரையறீங்க" என்றாள் வருத்தத்தோடு. "ஆனா இது நீங்க வரைஞ்சது. உங்க கை. இதை வெச்சு நான் யாரைத் தேடச் சொல்றது? அந்த ஃபாரத்தைக் குடுங்க, எழுதிப் போடறேன். பொண்ணு உங்ககிட்ட ஏதாவது வாய்விட்டுச் சொன்னாளா? ஒரு வார்த்தை இருந்தாலும் போதும்."

சொன்னாள். இதை மட்டும் அதுவரை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, காவலர் அண்ணனிடம்கூட. அந்த அதிகாரியிடம்தான் முதலில் சொன்னேன்.

முதல் தாளைக் கொண்டு வந்த அன்று எல்லாரும் பஸ்ஸுக்குப் போன பிறகும் அவள் மேசை ஓரத்திலேயே நின்றாள். அந்த ஆறு வாரத்தில் அவள் தானாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். "கீழ இன்னும் நிறைய இருக்கு மேடம்" என்றாள். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் அங்கேயே நின்றாள். "ஆனா உள்ள போட்டாத்தான் எடுக்க முடியும்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் அவள் நோட்டைக் கிழித்தாள், தண்ணீரைக் கொட்டினாள், ஒருத்தியைத் தள்ளினாள். மூன்று புகார், மூன்று தாள். ஒவ்வொரு தாளுக்கும் அவள் ஒருமுறை உள்ளே போயிருக்கிறாள், எனக்காக.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினாள். "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"எத்தனை முடியுதோ அத்தனை கொண்டு வான்னு சொன்னேன்."