சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

மகளின் பல்லில் படிந்த பழுப்புக் கறையைப் பல் டாக்டர் சுரண்டவே இல்லை.

"இது அழுக்கு இல்லம்மா. வீட்ல என்ன தண்ணி?"

"போர் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுக்குறேன்."

"கொதிச்சா கிருமிதான் சாகும். போர் தண்ணில இருக்குற ஃபுளோரைடு உப்பு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும். பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே கறை விழுந்துடும்."

'தேய், இன்னும் தேய்' என்று தினமும் என்னிடம் வசவு வாங்கியவள் என்னை முறைத்தாள். வீட்டில் இன்னும் பல் முளைக்காத சின்னவன் இருக்கிறான். உடனே கணவரை ஃபோனில் கூப்பிட்டேன்.

"ஏன் பதறுற? இப்பத்தான் புட்டிப்பால் குடிச்சிட்டுத் தூங்குறான்," என்றார். "நீ சொன்ன மாதிரியே தண்ணிய பாதியாச் சுண்டக் காய்ச்சித்தான் கலக்குனேன்."