வலமிருந்து இரண்டாவது டிஸ்க்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த உம்மு ஸாபிர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மகனே, இவரு தலைக்குள்ள எடுத்த படம் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு ஹாஜ்ஜா. நீங்க போய்த் தண்ணி குடிங்க."

படம் இல்லை. அது போய் ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

'இவரு' என்றால் அவள் கணவர் ஹாஜ் பயூமி. முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவர். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பி, விடியற்காலையில் ஒருமுறை கசிந்திருக்கிறது. அடுத்த கசிவுக்கு முன்னால், ஒரு மணிக்கு, டாக்டர் இன்ஜி மண்டையைத் திறந்தாக வேண்டும். பலூன் எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று காலை ஒன்பதுக்கு எடுத்த படம் சொல்லும். கத்தி பிடிக்கும்போது அது கண்முன்னால் இருக்க வேண்டும். இன்னொரு முறை எடுக்க முடியாது. அதற்கு ஏற்றும் சாயத்தை அவருடைய சிறுநீரகம் இரண்டாம் தடவை தாங்காது.

படமெடுக்கும் மெஷின் பழசு. அனுப்பி முடித்ததும் தன்னிடம் இருப்பதை அழித்துவிடும். ஆக, உலகத்திலேயே அந்தப் படம் இருந்தது ஒரே இடத்தில்: அடித்தளத்தில் இருக்கும் சர்வரில்.

(நகல் இல்லையா என்று கேட்பீர்கள். நகலெடுக்க சர்வரில் இடமில்லை. இடம் வேண்டும் என்றுதான் அன்றைக்குப் புது ஹார்ட் டிஸ்க் போட ஆள் வந்திருந்தது.)

2

தொடக்கம் மூன்று தடவை எழுதினேன்.

ஒன்று: "'க்ளிக்.' கொக்கி விடுபட்டது. அந்த ஒரு சத்தத்தில் ஓர் உயிர்—" நிறுத்திவிட்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதோடு தொடங்கினால் என்னால் இரண்டாம் பக்கம் போக முடியாது.

இரண்டு: "தல்அத் சூயிங்கம் மென்றபடி, ஒரு கையில் செல்போனும் ஒரு கையில் டிஸ்க்குமாக, அலட்சியமாக உள்ளே நுழைந்தான்."

இது நன்றாகவே ஓடியது. இரண்டு பக்கம் எழுதிய பிறகு அடித்தேன். காரணம், பொய். டிஸ்க் போட வந்த என்ஜினியர் தல்அத் சூயிங்கம் மெல்லவில்லை. செல்போனை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தான். சர்வர் பெட்டியைத் தொடுமுன் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கொண்டான், உடம்பு மின்சாரம் இறங்கட்டும் என்று. செய்யப்போவதை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி வைத்திருந்தான். எனக்குத் தெரிந்த மிகக் கவனமான ஆள்.

அப்படிப்பட்டவனை நான் ஏன் அலட்சியக்காரனாக எழுதினேன்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியிருக்கும்.

3

மூன்றாவது தொடக்கம், நடந்தபடி.

சர்வர் பெட்டியின் முகத்தில் வரிசையாக ஆறு அறைகள். ஐந்தில் டிஸ்க், ஒன்று காலி. அந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று தோள் கொடுப்பவை. ஒன்று செத்தால் மற்ற நான்கும் சமாளிக்கும். இரண்டு போனால் எல்லாம் போச்சு. ஒவ்வோர் அறைக்கு மேலேயும் ஒரு குட்டி விளக்கு. பச்சை என்றால் உயிர், மஞ்சள் என்றால் சாவு.

ஆனால் விளக்குகள் தெரியாது. எக்ஸ்ரே பிரிவின் தலைவி ஷாஹினாஸ், திருஷ்டிக்காக, நீலக்கண் ஸ்டிக்கர் பட்டை ஒன்றை ஆறு விளக்கின் மேலும் நீளமாக ஒட்டியிருந்தாள்.

"மேடம், இந்தக் கண்ணைக் கொஞ்சம் உரிச்சுக்கவா? விளக்கு தெரியல," என்றான் தல்அத்.

"கை வெச்சே, ஒடச்சிருவேன். போன சர்வர் எப்படிச் செத்துச்சு தெரியுமா? ஒருத்தன் வந்து நின்னு, 'அடேயப்பா, என்ன வேகம்!'னான். மறுநாளே புகை."

"அப்ப எனக்கும் ஒரு கண்ணு ஒட்டி விடுங்க மேடம். நானும் பார்க்க லட்சணமாத்தான் இருக்கேன்."

"ஒன்னை எவன் பார்த்துக் கண்ணு வைக்கப் போறான், பாஷா! ஜும்மாவுக்கு நேரமாச்சு, வேலையை முடி. டேய் ஹிந்தி, நீ ஏன் கதவுலயே தொங்கறே? உள்ள வா."

ஹிந்தி நான்தான். இந்தியன் என்பதற்கு இங்கே அதுதான் சொல். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பெயரோடு ஆவணப் பிரிவில் இருக்கிறேன். ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது.

தல்அத் புது டிஸ்க்கைக் காலி அறையில் செருகினான். சர்வரின் திரை ஏற்றுக்கொண்டது.* கூடவே ஒரு சிவப்பு வரி வந்தது. இரண்டாம் எண் டிஸ்க் செத்துவிட்டது.

எத்தனை மாதமாகச் செத்துக் கிடந்ததோ. நீலக் கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு யாரும் பார்க்காமல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"நல்லவேளை, இன்னிக்காவது தெரிஞ்சுது. ரெண்டைக் கழட்டிட்டா புதுசு அந்த வேலையை எடுத்துக்கும்," என்றான். அறைகளுக்குக் கீழே கையால் எழுதிய எண் ஸ்டிக்கர்கள். குனிந்து பார்த்தான். "ஹிந்தி, கண்ணாடி மேலயே விட்டுட்டேன். இது ரெண்டுதானே?"

"ரெண்டுதான்."

க்ளிக்.

திரை ஒரு நொடி வெறித்தது. பிறகு, ஐந்து டிஸ்க்கில் மூன்றுதான் இருக்கிறது என்றது. பிறகு எதுவும் சொல்லவில்லை.

* திரை அந்தக் காலி அறையை 'ஆறு' என்று சொன்னது. அதன் கீழே ஒட்டியிருந்த எண் ஒன்று. அறையில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேர் கவனிக்கவில்லை.

4

மாடிக்குப் போய்ப் பொய் சொல்லிவிட்டுத் திரும்பினேன். தல்அத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் தொழப் போகவில்லை.

ஃபோன் அடித்தது. ஷாஹினாஸ் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர் இன்ஜி.

"இருபது நிமிஷத்துல திறக்கணும். படம் வருமா, வராதா? வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க, ஷாஹினாஸ். கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கறதுன்னா, அதுக்கும் மனசைத் தயார் பண்ணணும்."

"வரும் டாக்டர். இதோ வந்துரும்." ஃபோனை வைத்துவிட்டுத் தல்அத்தைப் பார்த்தாள். "வரும்ல?"

"ரெண்டாம் நம்பர் ஏற்கெனவே செத்தது. அதைக் கழட்டினா ஒண்ணும் ஆகக்கூடாது. ஆனா ஆயிருச்சு. அப்ப இன்னொண்ணும் அதே நொடியில செத்திருக்கணும்."

"நான் சொல்லல? கண்ணு!"

"மேடம், கையெடுத்துக் கும்பிடறேன், கொஞ்சம் சும்மா இருங்க." கழற்றிய டிஸ்க்கைத் திரும்பச் செருகினான். திரை கேட்டது: இந்த டிஸ்க்கில் பழைய தகவல் இருக்கிறது. ஏற்கவா? அழிக்கவா?

"செத்த டிஸ்க்கை ஏத்துக்கிட்டா மிச்சத்தையும் கெடுத்துரும். இதை அழிச்சு, வெறும் டிஸ்க்கா உள்ள விட்டா, மத்தது எழுந்திருக்கலாம். ஒரு வாய்ப்புதான். செத்ததை அழிக்கறதுல நஷ்டம் ஒண்ணுமில்ல, பாருங்க."

மவுஸ் அம்பை 'அழி'க்கு நகர்த்தினான்.

5

அந்த எண்களை ஒட்டியது யார்?

முதல் பிரதியில் 'யாரோ' என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் 'முன்பு வேலை பார்த்த ஒருவன்'. மூன்றாவதில் அந்த வரியையே விட்டுவிட்டேன்.

நான் ஒட்டினேன்.

ஆவணப் பிரிவில் அலமாரிகள், அரபி எழுத்து மாதிரி, வலமிருந்து இடமாகத்தான் ஓடும். கோப்புகளும் அப்படித்தான். வலது கோடி ஒன்று, அடுத்தது இரண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் நூற்றெட்டு அலமாரிக்கு எண் ஒட்டி முடித்தேன். ஆறு ஸ்டிக்கர் மிச்சம். "கீழ அந்தப் பெட்டிக்கும் ஒட்டிரு," என்றாள் ஷாஹினாஸ். ஒட்டினேன். வலமிருந்து. கை பழகிய பக்கம் போயிற்று. சர்வரோ இடமிருந்து எண்ணுகிறது.

திரை சொன்ன இரண்டு, என் கணக்கில் ஐந்து. அது செத்தபடி உள்ளேயே இருந்தது. தல்அத் பிடுங்கியது உயிரோடிருந்த டிஸ்க்கை. இப்போது அழிக்கப் போவதும் அதைத்தான். அதோடு ஹாஜ் பயூமியின் ரத்தக்குழாயும் போகும்.

காலி அறையின் கீழே 'ஒன்று' என்று பார்த்த நொடியிலேயே எனக்கு உறைத்தது. ஆனாலும் 'ரெண்டுதான்' என்றேன். [ஏனென்றால் என் விசா மருத்துவமனையின் கையில். ஏனென்றால் தல்அத்துக்கு எப்படியும் தெரிந்திருக்கும் என்று. ஏனென்றால்—]

இந்த அடைப்புக்குறியை இதற்குமேல் நிரப்ப வரவில்லை. பயந்தேன். அவ்வளவுதான்.

6

முடிவுகள்.

அ: வாயைத் திறக்கிறேன். "நம்பர் தலைகீழ்." இரண்டே சொல். தல்அத் அம்பை 'ஏற்க'வுக்கு மாற்றுகிறான். டிஸ்க்குகள் முனகி எழுகின்றன. ஷாஹினாஸ் மாடிக்கு ஓடுகிறாள், செருப்பைக்கூடப் போடாமல். ஹாஜ் பயூமி பிழைக்கிறார். என்னை விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

ஆ: திறக்கவில்லை. 'ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் பழுது' என்று அறிக்கை. பழி தல்அத்துக்கு. உம்மு ஸாபிர் மறுநாளும் அதே படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று மாலை அந்த ஆறு ஸ்டிக்கரையும் உரித்தெடுத்தேன். எழுதும் மேஜையில்தான் இருக்கின்றன. தடயம் என்று நினைக்காதீர்கள். இரண்டு முடிவிலும் உரித்திருப்பேன்.

எது நடந்தது என்று சொல்லமாட்டேன். உங்களிடம் உண்மையைச் சொன்னதுகூடத் துணிச்சல் இல்லை. தமிழில் சொன்னேன். அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. இப்போது எண்களைப் பற்றித் தெரிந்தவர்கள் நானும் நீங்களும் மட்டும்.

மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு. தல்அத் "பிஸ்மில்லாஹ்" என்கிறான். ஷாஹினாஸ் கண்ணை மூடிக்கொள்கிறாள். இந்த வாக்கியத்துக்கு நான் முற்றுப்புள்ளி வைக்கிறவரை அவன் விரல் இறங்காது, அதனால் வைக்கவில்லை, எனக்கு எழுதத்தான் வருகிறது, நீங்கள் பக்கத்திலேயே நிற்கிறீர்கள், சத்தமாகச் சொன்னால் போதும், இரண்டே சொல்