மருந்தறையின் நாற்பது வருடம்

இரத்தம் என்ற சொல் வராமல் எழுத வேண்டும். 'எமது மருந்தறை ஒரு கட்டிலுடனும் ஒரு அலுமாரியுடனும் ஆரம்பிக்கப்பட்டது.' இது சரி. இதற்கு அடுத்த வசனம் எது? யாரை முதலில் அந்தக் கட்டிலில் கிடத்தினார்கள் என்று எழுதவா?

ஒலிவ் பேனையை மூடினாள், மறுபடி திறந்தாள். வாவிக்கரையில் உள்ள மீன் பதனிடும் கம்பனியில் அவள் முப்பத்தொரு வருடமாகத் தாதி. கம்பனியின் நாற்பதாம் ஆண்டு மலருக்கு மருந்தறையின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி முகாமையாளர் கொலின் கேட்டிருந்தான். புளியந்தீவில் அவளுடைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவன். "சந்தோசமா எழுதுங்க அன்ட்டி, செத்த வீட்டு நோட்டீஸ் மாதிரி எழுதிப் போடாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தான்.

அந்தக் கட்டிலுக்கு வந்த முதல் காயம் பற்றிப் பழைய தாதி சொல்லி அவளுக்குத் தெரியும். வேலைக்குப் பிந்தி வந்த ஒருவனை மேற்பார்வையாளர் ஐஸ் கொளுக்கியால் தோளில் அடித்திருந்தார். ஆனால் பதிவேட்டில் அந்தத் தாதி 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதியிருந்தாள். அதன் பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. முதலில் கடதாசி, பிறகுதான் மருந்து. பிழை தன்னுடையது என்று காயப்பட்டவர் ஒப்புக்கொள்ள வேண்டும். காயப்பட்ட கையால் கையெழுத்து வைக்க முடியாது என்பதால் மற்றக் கையின் பெருவிரலை மையில் அமுக்கி எடுப்பார்கள். இப்படிச் செய் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கடதாசி அலுவலகத்துக்குப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கம்பனி வானின் சாவி வெளியே வரும். சண்டைக் காலத்தில் வீதியில் சுடப்பட்டவர்களையும் இதே கட்டிலில்தான் கொண்டுவந்து போட்டார்கள். அவர்களிடம் மட்டும் யாரும் கைநாட்டுக் கேட்கவில்லை.

அவள் வேலைக்கு வந்த முதல் வருடம், மீன் வெட்டும் வாளில் மூன்று விரல்களைக் கொடுத்துவிட்டு நல்லரத்தினம் வந்தார். மயங்கிக்கொண்டிருந்த மனிதரின் இடது பெருவிரலை ஒலிவ்தான் பிடித்து அமுக்கினாள். அது ஆஸ்பத்திரிக்கான கடதாசி என்று நினைத்து அவர் நன்றி சொன்னார். அந்தக் கைநாட்டால் அவருக்கு நட்டஈடாக ஒரு சதமும் கிடைக்கவில்லை. பிறகு சித்தாண்டிக் கோயில் திருவிழாவில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். அதைத்தான் அவளால் எங்கேயும் எழுத முடியவில்லை.

ஐஸ் உடைக்கும் பக்கத்திலிருந்து அலறல் கேட்டது. மிசின் நின்றது. அதன் பிறகும் அலறல் நிற்கவில்லை.

றிஸானாவும் இன்னும் இருவருமாகச் சுலோஜனாவைத் தூக்கி வந்தார்கள். வலது முழங்கைக்குக் கீழே கை என்று சொல்ல எதுவுமில்லை. தோலும் ஐஸ் துண்டுகளும் கையுறையின் றப்பரும் வெள்ளை எலும்பும் ஒன்றாய்க் குழைந்து தொங்கின. உருகிய ஐஸோடு சேர்ந்து இரத்தம் சீமெந்துத் தரை முழுக்க ஓடியது. ஒலிவ் முழங்கைக்கு மேலே பட்டியை இறுக்கிக் கட்டினாள். ஒரு கையால் அதைப் பிடித்தபடி, மற்றக் கையால் தன்னுடைய கைபேசியில் அம்புலன்ஸுக்கு அடித்தாள்.

"மிஸி, மோதிரம்... என்ட மோதிரம் மிசினுக்குள்ள போயிட்டு" என்று சுலோஜனா முனகினாள்.

"என்னப் பாரு மகள். அங்கால பாக்காத."

"மூடியக் கழட்டினவன்ட கை புழுத்துப் போக!" என்று றிஸானா கத்தினாள். "கெதியா அரைக்கோணும், கெதியா அரைக்கோணும் எண்டு எங்கட உசிரையும் சேத்து அரைக்கிறானுகள்!"

மிசினின் பாதுகாப்பு மூடியைப் போன மாதம் கழற்றச் சொன்னவன் கொலின். அது ஒலிவுக்கும் தெரியும். அவன் இப்போது மைத்தட்டும் தட்டச்சுச் செய்த கடதாசியுமாக உள்ளே வந்தான்.

"அம்புலன்ஸுக்கு ஆர் அடிச்ச?"

"நான்தான்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே அன்ட்டி. வான் இரிக்கிதானே."

"வான் வாறத்துக்குக் கடதாசி வேணுமே மனே."

அவன் அதைக் கேட்காதவன் போலக் கடதாசியை நீட்டினான். 'மூடியை நானே கழற்றினேன்.' றிஸானா எட்டிப் பார்த்து வாசித்தாள். "அல்லாஹ்! கழட்டச் சொன்ன நீதானே!" என்று அதைப் பறிக்கப் பாய்ந்தாள். கொலின் அவளுடைய கழுத்தில் கைவைத்துத் தள்ளினான். அவளுடைய தலை அலுமாரியில் மோத, கண்ணாடி உடைந்து போத்தல்கள் விழுந்து சிதறின. மற்ற இருவரும் நெற்றியில் இரத்தம் வழிந்த அவளை வெளியே இழுத்துப் போனார்கள். கொலின் கதவைச் சாத்தினான்.

"மறுகா ஆஸ்பத்திரியில பொலிசு வாக்குமூலம் எழுதும். அதுக்கு முந்தி ஒரு விரல் மட்டும். இடக்கை நல்லாத்தானே இரிக்கி." கதவில் முதுகைச் சாய்த்தான். "என்னக் கொண்டுபோய் உள்ள போடுவானுகள் அன்ட்டி. கம்பனியப் பூட்டினா முன்னூறு பேரும் எங்க போற? அம்மாக்குக் கடைசி நாள்ல நீங்கதானே ஊசி போட்ட. எனக்காகச் செய்ய மாட்டீங்களா?"

அவனுடைய அம்மாவை அவள் நினைக்கவில்லை. அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து, அந்த மிசினின் வாய்க்குள் திணித்து, பொத்தானை அமுக்குவதை நினைத்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. தனக்குள் இப்படி ஒன்று இருந்ததா என்று பயந்தாள். பயந்தபடியே, அது முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுலோஜனாவின் கண்கள் செருகின. கொலின் மைத்தட்டைத் திறந்து கட்டிலில் வைத்தான். "கையப் பிடிங்க அன்ட்டி."

ஒலிவ் சுலோஜனாவின் இடது கையைப் பிடித்தாள். அதில் ஒரு கீறலும் இல்லை. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற விரல்களை அதன் மேல் மூடினாள். புதிய பண்டேஜ் சுருள் ஒன்றைப் பல்லால் கடித்துப் பிரித்து, மணிக்கட்டிலிருந்து சுற்றத் தொடங்கினாள்.

"அந்தக் கைக்கு ஒண்டுமில்லயே."

அவள் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றையும் நிதானமாக இழுத்து அமுக்கினாள். அமுக்கிய இடத்திலெல்லாம் வெள்ளைத் துணியில் ஒலிவின் பெருவிரல் சிவப்பாகப் பதிந்தது.