எட்டுப் பேர், ஒன்பது கற்கள்

எட்டுப் பேர் ஓட்டுப் போட்டால் கிண்ணத்தில் எட்டுக் கல் இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள என்ஜினியரிங் படிக்கத் தேவையில்லை, பாசாரில் வெங்காயம் வாங்கத் தெரிந்தால் போதும். ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வாசு என்னிடம் நீட்டிய பீங்கான் கிண்ணத்தில் ஒன்பது கற்கள் கிடந்தன. எட்டு வெள்ளை. ஒன்று கறுப்பு.

“சாரி கிரிகரி” என்றான் வாசு. அவன்தான் சங்கத்தின் தலைவன். “ஒரு கறுப்பு விழுந்தாலே ஆள் கிடையாது. ரூல் அப்படி.”

“ரூல் இருக்கட்டும். நீங்க எட்டுப் பேருதானே? ஒம்பதாவது கல் எங்கேருந்து வந்துச்சு?”

“அதான் எனக்கும் புரியல லா. நம்ம வாத்தியார் துரைகிட்ட கேட்டுட்டேன். ஒம்பது இருந்தா என்ன, தொண்ணூறு இருந்தா என்ன, கறுப்பு கறுப்புதான்னு சொல்லிட்டாரு.”

இது 1934இல் நடந்தது. கோலாலம்பூரில் சாலையும் பாலமும் போடக் கற்றுக்கொடுத்த எங்கள் பள்ளியில் காம்பஸ் சங்கம் என்று ஒன்று இருந்தது. நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சேர்ப்பார்கள். கோட்டில் குத்திக்கொள்ள காம்பஸ் வடிவத்தில் ஒரு பித்தளை வில்லை தருவார்கள். வில்லைக்காக நான் ஏங்கவில்லை. கிள்ளானுக்குப் போகும் வழியில் ஆற்றின் குறுக்கே புதிதாக ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. கடைசி வருஷ விடுமுறையில் அங்கே போய் வேலை பழக, சங்கத்து ஆட்களுக்கு மட்டும்தான் அனுமதி. பாலத்தைப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஒருமுறை வேண்டாமென்று தள்ளப்பட்டவன் பெயரை மறுபடி எடுக்கவும் மாட்டார்கள். ஆக, அந்தக் கறுப்புக் கல்லோடு என் பாலமும் போய்விட்டது.

ஓட்டுப் போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் சீனர்கள் பலகையில் வைத்து ஆடுவார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைக் கற்கள்தான் ஓட்டு. திரைக்குப் பின்னால் இரண்டு தட்டுகளில் கொட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், வேண்டிய கல்லை எடுத்து மூடிய பெட்டியின் துளை வழியாகப் போட வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். பிறகு பெட்டியைக் கிண்ணத்தில் கவிழ்த்து எண்ணுவார்கள், தோற்றவனுக்கு மட்டும் அதைக் காட்டுவார்கள். யார் என்ன போட்டார் என்று வெளியே மூச்சு விடக்கூடாது. விட்டால் வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸில் என் தங்கை டோரிஸ் கோட்டை இஸ்திரி போட்டு, வில்லை குத்த வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம்கூடப் போட்டு வைத்திருந்தாள். அந்த அடையாளத்தைத் தட்டிவிடும்போது எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. எட்டுப் பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி விசாரணை செய்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனால் குழப்பம் இன்னும் கூடியது. வாயைத் திறந்தால் வில்லை போய்விடும் என்பதால் சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவரும் சாடையாக என்னிடம் பேச வந்தார்கள். ஒருவன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து என் மூக்கிற்கு நேராக உதறினான். லிம் சீனக் கடையிலிருந்து வெள்ளைப் பாவ் ரொட்டி ஒன்றை வாங்கிவந்து கையில் திணித்துக் கண்ணைச் சிமிட்டினான். இன்னொருவன் பள்ளிச் சுவரைக் காட்டி, “எவ்வளவு வெள்ளையா இருக்கு பாரு” என்றான். மழையில் பாசி பிடித்துப் பச்சையாக இருந்த சுவர் அது. வாசு ஒன்றுமே சொல்லாமல் தன் பல்லைக் காட்டினான். எல்லோரும் வெள்ளையென்றால் கறுப்பு யாருடையது? மண்டை காய்ந்தது.

சாடை காட்டாதவன் அய்யாவு ஒருவன்தான். அவனை நான் சந்தேகப்படவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகன். வகுப்பில் என் பக்கத்து மேசை. ஞாயிறு மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான். போன மாதம்தான் அவனைச் சங்கத்தில் சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை தன் ஓட்டைப் போட்டுவிட்டு, எண்ணும்வரை நிற்காமல், அக்கா வீட்டு விசேஷத்துக்காகக் கிள்ளான் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டான்.

நல்லவன்தான், ஆனால் ஒரு கோணல் உண்டு. படம் வரைந்து முடித்ததும் மூலையில் கறுப்பு மையால் ஒரு பொட்டு வைப்பான். “கோடெல்லாம் சுத்தமா வந்திருக்குடா, கண்ணு பட்டுரும்” என்பான். துரை மார்க்கைக் குறைப்பார். அடுத்த படத்திலும் பொட்டு இருக்கும். கோயிலுக்குப் போகிறவன் புத்தி இது, மாதா கோவிலுக்குப் போகிற எனக்கு இதெல்லாம் இல்லை என்று அவனைக் கேலி செய்வேன்.

மத்தியானம் அவன் ஒரு லட்டுப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான். வாயெல்லாம் பல்.

“வில்லை எங்கடா? கோட்டுல குத்தலையா?”

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. “யாரோ ஒரு புண்ணியவான் கறுப்புப் போட்டுட்டான். நான் வெளியே.”

“வெள்ளை எத்தனை?”

“எட்டு.”

“அப்புறம் என்னடா? எட்டுப் பேரும்தான் வெள்ளை போட்டாச்சே!”

“ஒரே ஒரு கறுப்பு விழுந்தா போதும், ஆள் கிடையாது. அதுதான் ரூல். உனக்குத் தெரியாதா?”

அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. லட்டை என் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். இவனுக்கு என்ன வந்தது என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

பள்ளி விடுகிற நேரத்தில்தான் திரும்பி வந்தான். கோட்டில் வில்லை இல்லை. குத்தியிருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் தெரிந்தன.

“நான்தான்டா” என்றான். “எல்லாரும் உனக்கு வெள்ளைதான் போடுவாங்கன்னு தெரியும். அவ்வளவும் வெள்ளையா இருந்தா கண்ணு பட்டுரும்ல? என் வெள்ளையப் போட்டுட்டு, கூட ஒரு கறுப்பையும் போட்டேன். படத்துல வைக்கிற பொட்டு மாதிரிதான். வெள்ளையத்தான் எண்ணுவாங்கன்னு நெனச்சேன். என்னைச் சேர்த்தப்ப ரூலெல்லாம் உள்ளே வாசிச்சாங்க, நான் வெளியே நின்னேன்.”

“துரைகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். அது ஓட்டே இல்லைன்னு ஒத்துக்கிட்டாரு. நாளைக்கு உனக்கு மறுபடியும் ஓட்டு.”

“அப்ப உன் பாலம்?”

“சொன்னவனுக்கு ஏதுடா பாலம்? நீ போயிட்டு வந்து கதை சொல்லு.”

அவனை ஓங்கி அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. கெடுதல் செய்தவன் இவன். இவனைவிட எனக்கு நல்லது நினைத்தவனும் அந்தப் பள்ளியில் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் யார் மேல் கோபப்படுவது?

மறுநாள் ஓட்டு முடிந்ததும் வாசு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். ஜெயித்தவனுக்குக் கிண்ணத்தைக் காட்டும் வழக்கம் இல்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“பாரு, சுத்த வெள்ளை!”

பார்த்தேன். ஏழு வெள்ளைக் கற்கள். அய்யாவுவின் வெள்ளை அதில் இல்லை, அவனுடைய கறுப்பும் இல்லை. நான் ஆசைப்பட்டது இதற்குத்தானா என்று எனக்குத் தெரியவில்லை. வாசு என் கோட்டில் வில்லையைக் குத்திவிட்டான்.

அய்யாவு சைக்கிள் கொட்டகையில் எனக்காகக் காத்திருந்தான். வில்லையைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது.

“ரொம்ப எடுப்பா இருக்குடா” என்றான். கை தானாகவே சட்டைப்பைக்குப் போனது. அங்கேதான் அவன் மைப்பேனா இருக்கும். சட்டென்று ஞாபகம் வந்தவன்போல் கையைக் கீழே போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேனாவை நானே உருவி அவன் கையில் கொடுத்துக் காதை மடக்கிக் காட்டினேன்.

“வை.”

“வேணாம்டா. போன தடவை வச்சது போதாதா?”

“வைடாங்கிறேன்!”

வைத்தான். மை சில்லென்று இருந்தது. ராத்திரி டோரிஸ் பார்த்துவிட்டு, காதுக்குப் பின்னால் என்ன அழுக்கு, போய்த் தேய்த்துக் கழுவு என்றாள். நான் கழுவவில்லை.