சங்கத்து முத்திரை

"நாளைக்குள்ள தறிய எடுத்துடு கமலாட்சி. வூட்டை வாங்குனவங்க வெள்ளையடிக்க வராங்க" என்று வாசலில் நின்றபடியே சொன்னார் குமாரசாமி. செத்துப்போன தம்பியின் மனைவியை நேருக்கு நேர் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்.

கமலாட்சி தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தாள்.

"வித்துட்டீங்களா மாமா? இந்த ரூமு என் ஆயுசுக்கும் எனக்குன்னு சங்கத்துல எழுதிக் குடுத்தீங்களே?"

"அது சங்கத்துல எழுதுனது" என்றார். அதற்குமேல் நிற்கவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெரு நெசவாளர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. திருஞானசம்பந்தம் அதற்குச் சம்பள மேனேஜர். கல்யாண மண்டபத்துச் சாவி, திருவிழாப் பந்தல், வாடகை அண்டாக்கள், இவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கவே, பாகப்பிரிவினை, தத்து, ஜீவனாம்சம் என்று எல்லாவற்றையும் அவரே எழுதி முத்திரை குத்தினார். வக்கீலிடம் போவது அந்தத் தெருவுக்கு மானக்கேடு. சங்கத்துக் காகிதத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டால் சர்க்காரே வந்தாலும் மாற்ற முடியாது என்று நம்பினார்கள். பாழாய்ப்போன நம்பிக்கை!

இரண்டு வருஷத்துக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், அவள் புருஷன் உமாபதி செத்த மூன்றாம் மாதம் இரண்டு காகிதங்கள் தயாராயின. புருஷனின் பங்கைக் குமாரசாமிக்கு விட்டுக்கொடுப்பதாகக் கமலாட்சி ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டாள். தறி போட்டிருக்கும் அறை அவளுக்கு என்ற காகிதத்தைச் சங்கத்தில் வைத்து மேனேஜர் எழுதினார்.

"இதுக்கு எதுக்கும்மா ரிஜிஸ்டர்? நான் இருக்கறேன்" என்றார் அன்று. அவர் பொய் சொல்லவில்லை. அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

குமாரசாமி போன கையோடு அவள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனாள். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பதிவு பண்ணலையேம்மா. மண்டபத்தைப் பாத்துக்கற மேனேஜருக்குப் பத்திரம் எழுத ஏது அதிகாரம்? கோர்ட்டுல இது நிக்காது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். வக்கீல் வீட்டுப் படியேறிய செய்தி அவளுக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

மறுநாள் காலை அவள் தறியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மேனேஜரே வந்தார். கையில் இன்னொரு காகிதம்.

"அன்னிக்கு எழுதுனது செல்லாதாமேய்யா" என்றாள்.

"நல்லதுன்னுதாம்மா எழுதுனேன். கோர்ட்டு வரைக்கும் போவும்னு யாரு கண்டா?" அவர் காகிதத்தை நீட்டினார். "இப்ப கமிட்டியில இதை எழுதச் சொல்லிட்டாங்க. நான் சம்பளத்துக்கு இருக்கறவன்மா. வாங்கிக்கினேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடு."

அவள் வாங்கிப் படித்தாள். சங்கத்தை மீறி வக்கீலிடம் போனதால் இனிமேல் கமலாட்சியின் பாவு விரிக்க இந்தத் தெருவில் யாரும் கை கொடுக்கக் கூடாது. முத்து முத்தான அதே எழுத்து. கீழே அதே முத்திரை. நீளமான பட்டு இழைகளைத் தெருவில் இழுத்துப் பிடிக்க எட்டுப் பேராவது வேண்டும். பாவு இல்லாவிட்டால் தறி ஏது, சோறு ஏது?

அவள் முத்திரையையே பார்த்தாள்.

"ரூமைக் குடுத்த காகிதம் செல்லாது. சோத்தைப் புடுங்கற காகிதம் மட்டும் செல்லுமாய்யா?"

திருஞானசம்பந்தம் பேனாவை நீட்டினார். எதிர்வீட்டு வாசலில் அம்சவேணி நின்றிருந்தாள், பத்து வருஷமாகக் கமலாட்சியோடு சேர்ந்து பாவு பிடித்தவள். ஒரு கணம் இவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கமலாட்சி கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை மடித்து அவர் கையிலேயே திணித்தாள். நெய்த துணியைச் சுற்றும் கனத்த படமரத்தைத் தனியாகத் தூக்கி, வாசலில் நின்ற கைவண்டியில் ஏற்றினாள்.