நான்கு அங்குலம்

மணி மூன்றரை ஆவதற்குள் கஸ் பெல்கி தன் துப்பாக்கிக் கடையின் விளக்குகளைப் போட்டுவிட்டார். அடுத்த சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. வாசலில் ஈரச் சேறு, உள்ளே காப்பி வாசனை.

மேசையில் பச்சைக் கம்பளித் துணிமேல் இரண்டு துப்பாக்கிகள். ஒரே கம்பெனி, ஒரே வால்நட் மரம். இரண்டும் செமி ஆட்டோமேட்டிக். ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். ஒன்றின் குழல் பதினெட்டு அங்குலம். மற்றதன் குழல் இருபத்திரண்டு.

மேசைக்கு எதிரே நின்ற ஆர்டிஸுக்கு வசந்தத்தில் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. கணவன் லைலின் பழைய துப்பாக்கி கழுதைபோல உதைக்கும். அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வகை உதையில் பாதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். அதுவரை முடிவாகிவிட்டது. குழல்தான் பாக்கி.

"குட்டையை எடு," என்றார் கஸ். "லேசா இருக்கும். புதர்ல மாட்டாது. வெடிச்சா காது கிழியும், அது ஒண்ணுதான் குறை."

"நீளமானது?"

"சத்தம் முகத்துல அறையாது. குண்டு கொஞ்சம் வேகமாப் போகும். வெட்டவெளின்னா அதான். நீ எங்க உக்காரப் போற, வழக்கமான தேவதாருச் சதுப்புதானே?"

"லைலோட பரண்ல."

கஸ் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

அவர்கள் வேட்டைக் குடிலில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் மான் சுட உட்காரும் பரண் இரண்டு பருவம் காலியாகக் கிடந்தால் அது கேட்கிறவருக்குப் போகும். லைல் போன வருடம் கோடையில் இறந்தான். அந்த நவம்பரில் யாரும் அதில் உட்காரவில்லை. இந்த நவம்பரும் காலியாகக் கிடந்தால் ஓரினின் மருமகன் டேரனுக்குப் போய்விடும். ஓரின் லைலின் அண்ணன். பரணுக்கென்று டேரன் ஒரு கேஸ் அடுப்பே வாங்கிவிட்டான் என்று மாதா கோயில் மீன் விருந்தில் யாரோ சொல்லி ஆர்டிஸ் கேட்டாள். அன்று அவளுக்கு மீன் இறங்கவில்லை.

"பரணுக்கு முன்னாடி மரமெல்லாம் வெட்டின வெட்டுக்காடு, கடைசி வரைக்கும் பார்வை போகும்," என்றாள். "முன்னூறு கஜம். அந்தக் கோடியில ஒரு வெள்ளைப் பைன். எனக்கு நீளமானதுதான் வேணும்."

"லைல் பாடின பாட்டுதானே இது?"

"இருக்கட்டுமே."

அந்தப் பாட்டு ஊருக்கே தெரியும். குடிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. சுட்டுக் குறி தவறினவனின் சட்டைப் பின்வாலை இரவுச் சாப்பாட்டுக்கு முன் கத்தரித்து, பேரும் வருடமும் எழுதிச் சுவரில் ஆணியடிப்பார்கள். சுவரில் லைலின் துண்டுகளே அதிகம். ஒவ்வொரு முறையும் நாற்காலிமேல் ஏறி நின்று பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு அதையே சொல்வான். "பெரிய மான்டா. அந்த வெள்ளைப் பைன்கிட்ட. பேரல் இன்னும் நாலு அங்குலம் இருந்திருந்தா விழுந்திருக்கும்." எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். ஓரின்தான் கத்தரிப்பான். ஆர்டிஸ் அடுப்படியில் பிராந்தி கலந்துகொண்டே சிரிப்பாள். வீட்டில் லைலுக்கு முழுசாக ஒரு ஃபிளானல் சட்டைகூட இருந்ததில்லை.

நீளமான குழலுள்ள துப்பாக்கியை அவன் வாங்கவே இல்லை. அடுத்த வருடம் என்பான்.

கஸ் உள்ளே போய் ஒரு விளக்குமாற்றுக் கட்டையோடு வந்தார். நீளத் துப்பாக்கியோடு வைத்து அளந்து அறுத்தார். குட்டையின் நீளத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"ரெண்டையும் எடுத்து வைக்கிறேன். மொதல்ல இதைக் கொண்டுபோய்ப் பரண்ல தூக்கிப் பாரு. திங்கட்கிழமை சொல்லு."

"துப்பாக்கி கேட்டு வந்தவளுக்கு விளக்குமாறு தரியா?"

"பாதி விளக்குமாறு. திருப்பிக் கொண்டுவா."

ஞாயிறு காலை ஓரின் அவளை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டான். டேரன் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. மரம் ஏற்றும் பாதை முடிந்த இடத்தில் இறங்கி நடந்தார்கள். உறைந்த இலைகள் காலடியில் நொறுங்கின.

இந்த வழியில் ஆர்டிஸ் ஒரே ஒருமுறை வந்திருக்கிறாள். காகித ஆலைக்காரர்கள் மரங்களை வெட்டிக்கொண்டு போன வருடம். அடிக்கட்டைகளும் ராஸ்ப்பெரிச் செடிகளுமாகக் கிடந்த திறந்த வெளி. லைல் புதுப் பலகையில் பரண் கட்டிவிட்டு அவளைத் தூக்கி மேலே உட்கார வைத்தான். "பாரு, கனடா வரைக்கும் தெரியுது," என்றான். காற்று பலமாக அடித்தது. ஒரே ஆரஞ்சுச் சட்டைக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகு அவள் வரவில்லை. அடுத்தவர் பரண் பக்கம் யாரும் போவதில்லை, மனித வாடை பட்டால் மான் ஒதுங்கும். புருஷன் பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான்.

"எங்க இருக்கு?" என்றாள்.

"முன்னாடிதான் இருக்கு."

அவளுக்குத் தெரியவில்லை. எதிரே ஆஸ்பென் மரங்கள் சுவர்போல நின்றன. தொடைப் பருமன், மணிக்கட்டுப் பருமன், விரல் பருமன். அவற்றுக்கு நடுவே ஒரு ஏணி, அதற்குமேல் பலகைப் பெட்டி. பெட்டியின் கால்களை மரங்கள் இடித்துக்கொண்டிருந்தன.

"வெட்டுக்காடு எங்க ஓரின்?"

"இதான். மரம் வளராதா? நீ என்ன நெனச்ச?"

அவள் ஏணியில் ஏறினாள். தோள் வலித்தது. பெட்டிக்குள் ஒரு மடக்கு நாற்காலி, காப்பிக் குடுவையின் மூடி, எலி கடித்த தலையணை. ஜன்னல் துவாரத்தில் கண்ணை வைத்தாள். பார்வை நாற்பது கஜம் போகும். அதற்குமேல் சாம்பல் நிறத் தண்டுகள்தான். வெள்ளைப் பைன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

விளக்குமாற்றுக் கட்டையைத் தோளில் வைத்தாள். நேராகப் பிடித்தால் சரி. இடப்பக்கம் திருப்பினாள். முனை வெளியே நின்ற மரத்தில் டொக் என்று இடித்தது. வலப்பக்கமும் இடித்தது.

கையைப் பென்சில் கோட்டுக்கு நகர்த்தி, அதற்குமேல் மிஞ்சியதைப் பலகை இடுக்கில் கொடுத்து ஒடித்தாள். துண்டு கீழே விழுந்தது. மறுபடி தோளில் வைத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடையில்லாமல் சுழன்றது.

கீழே ஓரின் கைகளை ஊதிக்கொண்டு நின்றான்.

"கஸ் திட்டப் போறான்," என்றான், விழுந்த துண்டை எடுத்தபடி.

"திட்டட்டும். குட்டையை எடுத்துக்கிறேன்னு சொல்லிடுறேன்."

"அப்போ சதுப்புலயே உக்காரு ஆர்டிஸ். குடிலுக்குப் பக்கம். இங்க ஏறி இறங்க உன் தோளு தாங்காது. டேரன் சின்னவன், அவன்..."

"நான் குட்டை பேரல்னு சொன்னேன். பரண் வேணாம்னு சொன்னேனா?"

ஓரின் தலையை ஆட்டினான். "நீயும் அவனும் ஒரே ஜாதி. சரி, ஏணிக்கு ரெண்டு படி கூடப் போட்டுத் தரேன். டேரன்கிட்ட நானே பேசிக்கிறேன்."

"அந்த அடுப்பை வேணும்னா இரவல் தரச் சொல்லு."

ஓரின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். லைலின் உயரத்துக்கு வைத்தது, அவள் கால் தரையை எட்டவில்லை. துவாரத்துக்கு வெளியே ஒரு சிட்டு தண்டிலிருந்து தண்டுக்குத் தாவியது.

கடைசிப் பருவத்தின் சட்டையை அவள்தான் துவைத்தாள். சிவப்புக் கட்டம் போட்டது, வால் இல்லாதது. வெள்ளைப் பைன்கிட்ட பெரிய மான் என்று அந்த இரவும் லைல் நாற்காலிமேல் ஏறி நின்று சொன்னான். நாலு அங்குலம் என்றான். மேசை அதிர்ந்தது. மூச்சு வாங்கியதால் ஓரின்தான் கைபிடித்து இறக்கினான். அந்த வருடமும் இந்த மரங்கள் இப்படியேதான் நின்றிருக்கும். அதற்கு முந்தைய வருடமும். அதற்கும் முன்னால் எத்தனையோ வருடங்கள்.

"ஓரின்."

"ம்."

"நீதானே இந்தக் கூரையை அவன்கூட சேர்ந்து பழுது பார்த்த?"

"ஆமா."

"அப்போ இங்கிருந்து அந்தப் பைன் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்."

ஓரின் ஒடிந்த துண்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"வருஷா வருஷம்," என்றாள் ஆர்டிஸ், "இந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்கும், சதுப்புல இருந்து நானும் கேட்டிருக்கேன். எதைச் சுட்டான் அவன், ஆகாசத்தையா?"